இதமா இருக்குன்னாங்க

பதினோரு வருஷமாக நான் இந்தக் கதையை நம்பவில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. சொன்னவள் என் மனைவி மங்கையர்க்கரசி. சொன்னது இரண்டே வாக்கியம். "மாமாதான் துண்டை எடுக்கச் சொன்னாங்க. இதமா இருக்குன்னாங்க." அப்பாவின் வலது உள்ளங்காலில் பணியாரம் அளவுக்குக் கொப்புளம் எழும்பி நின்ற அன்று, வேலை முடிந்து வந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் சொன்னது அவ்வளவுதான். அந்தக் கொப்புளம் உடைந்து புண்ணாகி, புண் ஆறாமல் இரண்டு விரல் போய், பிறகு பாதம் போய், முழங்காலுக்குக் கீழே எல்லாம் போய், நான்காவது மாதம் அப்பாவே போனார். அந்த நான்கு மாதத்திலும் அதற்குப் பிறகும், ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமும் துக்கத்துக்கு வந்தவர்களிடமும், அவள் அதையேதான் சொன்னாள். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. பொய் சொல்கிறவர்கள்தான் மனப்பாடம் செய்தமாதிரி ஒரேமாதிரி சொல்வார்கள் என்று ஒருநாள் நினைப்பேன். மறுநாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, நடந்ததைச் சொல்கிறவர்களும் வேறு எப்படிச் சொல்ல முடியும் என்று தோன்றும். அன்று சாயந்திரம் மறுபடி முதலில் நினைத்ததற்கே வந்து நிற்பேன்.

இப்போது என் வலது தோளில் ஒரு சூட்டுப் பொதி இருக்கிறது. தில்லைநகரில் மருந்துக்கடை ஒன்றின் மாடியில் இருக்கும் பிசியோதெரபி நிலையம். மூன்று கட்டில்கள், நடுவில் பச்சைத் திரைகள். ரெஜினா என்கிற பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், மூலையிலிருந்த எவர்சில்வர் தொட்டியின் மூடியைத் திறந்து, ஆவி பறக்க, இடுக்கியால் அந்தக் கனத்த பொதியைத் தூக்கி, துண்டில் மடிப்பு மடிப்பாகச் சுற்றி என் தோளில் வைத்தாள். "இருபது நிமிஷம் சார். சுட்டா உடனே சொல்லணும். பொறுத்துக்கக் கூடாது. ஆம்பளைங்க எல்லாம் பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்குவீங்க, அப்புறம் கொப்புளத்தோட வந்து என்கிட்ட சண்டை போடுவீங்க" என்று சொல்லி, சமையலறையில் வைப்பதுபோன்ற ஒரு சின்ன டைமரைத் திருகி ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். அது டிக் டிக் என்கிறது. நான் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன். சூடு துண்டின் மடிப்புகள் வழியாக மெதுவாக, கூச்சப்பட்டுக்கொண்டு வருகிற விருந்தாளிபோல வருகிறது. திரைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதில் மங்கையின் பாதங்கள் மட்டும் தெரிகின்றன. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இடது காலின் கட்டைவிரலால் வலது காலின் மெட்டியைத் தள்ளித் தள்ளி விடுகிறாள். யோசிக்கும்போது அவள் செய்வது அது. சற்று முன்வரை அவள் திரைக்கு உள்ளே, என் தலைமாட்டில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

தோளுக்காக மட்டும் நான் வரவில்லை. குதிகாலும் குத்துகிறது. காலைச் சுடுதண்ணீரில் மூன்று நிமிஷம், ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிஷம், மாற்றி மாற்றி வைக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். ரெஜினா இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளையும் தயாராகக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். பிறகு சீட்டைப் பார்த்து, "சுகர் எத்தனை வருஷமா சார்?" என்றாள். ஆறு வருஷம் என்றேன். "அப்ப ஒரு சின்ன டெஸ்ட் பாத்துடலாம். கண்ணை மூடிக்குங்க. நான் தொடுறப்ப சூடா, ஜில்லான்னு மட்டும் சொல்லுங்க." இரண்டு கண்ணாடிக் குழாய்கள், அந்தத் தொட்டிகளிலேயே மொண்டவை. ஒன்றில் சுடுதண்ணீர், ஒன்றில் ஐஸ் தண்ணீர். முன்கையில் வைத்தாள், சூடு. மறுபடி வைத்தாள், ஜில். முழங்காலில் சரியாகச் சொன்னேன். கணுக்காலில் கொஞ்சம் யோசித்தேன். அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன். "சொல்லுங்க சார்" என்றாள். "இன்னும் தொடலையே" என்றேன். "வச்சிருக்கேனே சார்." பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாமல் எழுந்து நின்ற பையனாக, ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று, "ஜில்லுன்னு இருக்கு" என்றேன். "கண்ணைத் திறங்க." உள்ளங்காலை ஒட்டிப் பிடித்திருந்த குழாயின் வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. ரெஜினா தொட்டிகளைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "இது உங்களுக்கு வேண்டாம், டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். வீட்டுலயும் சுடுதண்ணில காலை வைக்கிறதா இருந்தா நீங்க பாத்து வைக்காதீங்க. உங்க காலை நம்பாதீங்க சார். அக்கா கையை நம்புங்க" என்று சொல்லிச் சிரித்தாள். எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய வேடிக்கையாக இருக்கும். நான் சிரிக்கவில்லை. மங்கையும் சிரிக்கவில்லை. "நான் வெளிய உக்காந்திருக்கேன்" என்று திரையை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இன்னும் எத்தனை நிமிஷம் என்று தெரியவில்லை. டைமரின் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. அன்றைக்கு ஐப்பசி மழை. அப்பாவுக்கு இரண்டு காலும் ராத்திரி பகலாகக் குடைந்துகொண்டிருந்தது. முப்பது வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நின்ற கால், அந்த வலியாக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். மங்கை பிளாஸ்கில் இருந்த சுடுதண்ணீரைச் சிவப்பு ரப்பர் பையில் ஊற்றி, துண்டைச் சுற்றி, காலுக்கு அடியில் வைத்தாள். துண்டை எடுக்கச் சொன்னாராம். எடுத்தாளாம். அவர் அப்படியே தூங்கிப்போனாராம். முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தாளாம். இந்த ஆம், ஆம், ஆம் ஒவ்வொன்றிலும் பதினோரு வருஷமாக என் சட்டை மாட்டிக்கொண்டு கிழிகிறது. அவர் சொல்லவே இல்லை, துண்டு சுற்ற அவளுக்கு மறந்துபோயிற்று என்று நினைத்திருக்கிறேன். பையை வைத்துவிட்டு அவள் அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள், அப்பா கூப்பிட்டது காதில் விழவில்லை என்று நினைத்திருக்கிறேன். அதற்கும் கீழே ஒன்று உண்டு. அதைச் சொற்களாக்கி நினைக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. அன்று காலையில் அவர்கள் இரண்டு பேருக்கும் சண்டை. சர்க்கரை வியாதிக்காரரான அப்பாவின் சட்டைப்பையில் காகிதத்தில் பொதிந்த ஜிலேபியை அவள் பிடித்துவிட்டாள். "சட்டையத் தோய்க்கிறது நான்தானே மாமா, பாகு எங்க இருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "சிஐடி வேலைக்குப் போயிருக்க வேண்டியவம்மா நீ" என்றார் அவர். நான் சவரம் செய்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். சிரிப்புக்குரிய சண்டைதான். ஆனால் அவள் அந்த ஜிலேபியைக் குப்பையில் போட்ட வேகம் இருக்கிறதே, அந்த வேகத்தை நான் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டேன். பிறகு தேவைப்படும் என்று எனக்கு எப்படித் தெரிந்தது?

அடுத்த திரைக்குள் யாரோ ஒருவரைக் கொண்டுவந்து படுக்க வைக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர் போலிருக்கிறது, வண்டியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கவலைப்படுகிறார். கணுக்கால் பிசகி மூன்று நாளாம். "அய்யோ அம்மா, ஐஸு வச்சா எரியுதும்மா" என்கிறார். "எரியும், அப்புறம் மரத்துடும், அசையாம இருங்க" என்கிறாள் ரெஜினா. "பிசகின அன்னிக்கே இதை வச்சிருந்தா இப்ப நடந்திருப்பீங்க. முதல் நாள் என்ன செஞ்சீங்க?" "உப்பை வறுத்துத் துணில கட்டி சூடா ஒத்தடம் குடுத்தாங்க." "அதான் யானைக்கால் மாதிரி வீங்கி நிக்குது. அடி புதுசுன்னா ஐஸு, பழசுன்னாதான் சூடு. யார் குடுத்தா ஒத்தடம்?" "மாமியாதான்." "மாமியா மேல பழியைப் போட்டுடுங்க, பாவம். ஒத்தடம் குடுன்னு காலை நீட்டினது யாரு?" அவர் சிரிக்கிறார். ரெஜினாவும் சிரிக்கிறாள். திரைக்கு அடியில் மெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்த கட்டைவிரல் நின்றுவிட்டது. அவளும் கேட்டிருக்கிறாள். இத்தனை எளிதாக இருக்கிறது பிறர் வீட்டில். யார் குடுத்தது, யார் கேட்டது, ஒரு சிரிப்பு, முடிந்தது. எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டு அப்படிக் கேட்கவில்லையே. இல்லை, ஒருத்தி கேட்டாள். என் அக்கா தமயந்தி. காரியத்தன்று பந்தியில், மங்கை ரசம் ஊற்றிக்கொண்டு வரும்போது, பக்கத்து இலைக்காரியிடம் சொல்வதுபோல, "முப்பது வருஷம் நின்ன காலு, மருமக கையால சூடு வாங்கிட்டுப் போயிருச்சு" என்றாள். மங்கை ரசக் கரண்டியோடு என்னைப் பார்த்தாள். நான் எதிர் இலையில் உட்கார்ந்திருந்தேன். என் இலையின் நுனி மடிந்திருந்தது. அதை நீவி நிமிர்த்திக்கொண்டிருந்தேன். வாழையிலை நுனியை நீவ எவ்வளவு நேரம் ஆகும்? அவள் அடுத்த இலைக்குப் போய், அதற்கடுத்த இலைக்குப் போய், வரிசை முடிந்து திரும்பும்வரை நான் அதை நீவினேன்.

அப்போது என்னிடம் ஆதாரம் இருந்தது, அதுதான் காரணம். இதை நினைத்தால் இப்போது தோளில் சூடு கூடுகிறமாதிரி இருக்கிறது. ரெஜினாவைக் கூப்பிடலாமா? சுடுகிறதா, இல்லை சுடுவதாக நினைக்கிறேனா? வேண்டாம். நான் பால் பண்ணையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறவன். எழுபத்திரண்டு டிகிரி, பதினைந்து விநாடி, அதற்கு ஒரு டிகிரி குறைந்தால் அந்தப் பால் வெளியே போகாது. கையால் தொட்டுச் சூடு சொல்கிறவனை நாங்கள் கேலி செய்வோம். அப்பாவின் பாதத்தை எடுத்த வாரம், நான் அந்தச் சிவப்புப் பையை என் ஆபீஸ் பையில் மறைத்து வைத்துப் பண்ணைக்குக் கொண்டுபோனேன். மத்தியானம், சோதனைக்கூடத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, எங்கள் பிளாஸ்க் தண்ணீர் இரண்டு மணி நேரத்தில் என்ன சூடு இருக்கும் என்று கணக்குப் போட்டு, எண்பது டிகிரித் தண்ணீரைப் பையில் நிரப்பி, தரையில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு என் வலது காலை அதன்மேல் வைத்தேன். ஏழு விநாடி. துள்ளி எடுத்துவிட்டேன். எழுபது டிகிரியில் வைத்தேன். அறுபதில் வைத்தேன். ஒவ்வொன்றையும் கொழுப்புச் சோதனைத் தாளின் பின்பக்கம் எழுதினேன். எந்தச் சூட்டிலும் எந்த மனுஷனாலும் முக்கால் மணி நேரம் வைத்திருக்க முடியாது. இதமாக இருக்கிறது, துண்டை எடு என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. தாளைக் கிழித்துப் போட்டேன். முடிவு மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. அவள் சொல்வது பொய். அறிவியல்படி நிரூபித்தாயிற்று. நாற்பத்து மூன்று வயசில், சர்க்கரை இல்லாத, நரம்பெல்லாம் முறுக்காக இருந்த என் காலை அப்பாவின் காலுக்குப் பதிலாக வைத்து நிரூபித்தேன். ஒரு பண்ணையின் பாலைச் சோதிக்க வேறு பண்ணையின் பாலை எடுப்பானா எவனாவது? தற்காலிகமாக வேலைக்கு வந்தவன்கூடச் செய்யமாட்டான். பதினோரு வருஷம் அது எனக்கு உறைக்கவில்லை. சற்று முன்பு அந்தக் கண்ணாடிக் குழாயில் ஆவியைப் பார்க்கும்வரை.

ஜில்லுன்னு இருக்கு என்று நான் சொன்னேன். கொதிக்கிற குழாயை வைத்தபோது நான் அதைச் சொன்னேன். அவர் இதமாக இருக்கிறது என்றார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் அவருக்கு மரத்துப்போயிருந்தது என்று யாருக்குத் தெரியும்? யாருக்குமே தெரியாது. டாக்டர்கூடப் புண் வந்த பிறகுதான் நரம்பு போயிருக்கிறது என்று சொன்னார், அதையும் புண்ணால் போன நரம்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். யாருக்கும் தெரியாது. அப்படியா? ஏதோ ஒன்று இடிக்கிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட். ஆடி மாசம், காற்று. இதை நான் ஆபீஸில் எத்தனையோ முறை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அப்பாவும் நானும் பஸ்ஸிலிருந்து இறங்கி, பழக்கடைகளைத் தாண்டி, ரோட்டைக் கடந்து டீக்கடைக்கு வந்துவிட்டோம். அங்கே குனிந்து பார்த்தால் அவர் ஒரு காலில்தான் செருப்புப் போட்டிருக்கிறார். "அப்பா, இன்னொண்ணு எங்க?" என்றேன். அவர் தன் வலது காலை, பக்கத்து சீட்டுக்காரர் மறந்து வைத்துவிட்டுப் போன பையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு, "முன்னாடி ஸ்டாப்பிங்லயே எறங்கிட்டாப்லடா. டிக்கெட் அதுவரைக்கும்தான் வாங்கியிருப்பாப்ல" என்றார். நான் திரும்பிப் போய்த் தேடினேன். ரோட்டின் அந்தப் பக்கத்தில், அறுபது எழுபது அடிக்குப் பின்னால் கிடந்தது. வெயிலில் தார் இளகிய ரோடு. அதில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார், அவருக்குத் தெரியவில்லை. "மங்கைகிட்ட சொல்லிடாதடா, செருப்பைக்கூடக் காலுல வச்சுக்கத் தெரியலம்பா" என்றார். நான் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து அவள் பிளாஸ்கைத் திறந்தபோது, அந்தக் காலில் ரோட்டுச் சூடே ஏறாது என்பது உலகத்தில் ஒரே ஒருவனுக்குத் தெரியும். அவன் பால் பண்ணையில் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் பாதங்கள் அங்கேயேதான் இருக்கின்றன. அவளை எத்தனை வருஷமாகத் துப்புத் துலக்கியிருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு வெந்நீர் விளாவி வைத்துக்கொண்டிருந்தவள், அப்பா போன பிறகு நிறுத்திவிட்டாள். வாளியையும் கொதித்த தண்ணீரையும் தனித்தனியாக வைத்துவிட்டு, "நீங்களே கை வச்சுப் பாத்துக் கலந்துக்குங்க" என்பாள். காபி ஆறிப் போயிருந்தாலும் "சூடா இருக்கு, பாத்து" என்று சொல்லித்தான் வைப்பாள். எனக்கு ஜுரம் வந்தால் நெற்றியில் ஈரத்துணியைப் போடமாட்டாள், துணியை என் கையில் கொடுப்பாள். குற்றம் செய்தவள் கை கூசுகிறது என்று நான் குறித்து வைத்துக்கொண்டேன். இன்றைக்கு அதே குறிப்புகளை இன்னொருத்தன் எழுத்தைப் படிப்பதுபோலப் படிக்கிறேன். தன்னைச் சந்தேகப்படுகிற ஒருவனோடு ஒரே வீட்டில் இருப்பவள் வேறு எப்படி இருப்பாள்? அப்படியானால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எதிலிருந்து? பந்தியில் அந்த இலை நுனியிலிருந்தா? அதற்கும் முன்னாலா? பை. சிவப்புப் பை. பண்ணையிலிருந்து திரும்பி வந்ததும் சமையலறை ஆணியில் அது இருந்த இடத்திலேயே தலைகீழாக மாட்டினேன், கவனமாகத்தான் மாட்டினேன். ஆனால் திருகு மூடியை இறுக்கி மூடியிருந்தேன். அவள் எப்போதும் தண்ணீர் வடியட்டும் என்று மூடியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் தனியாக வைப்பாள். மறுநாள் காலையில் பல் தேய்க்கப் போனபோது, ஜன்னல் விளிம்பில் மூடி இருந்தது. பை வாயைத் திறந்துகொண்டு ஆணியில் தொங்கியது. அவள் அதை மூடியோடு பார்த்திருக்கிறாள், உள்ளே என் ஆபீஸ் தண்ணீர் மிச்சம் இருந்ததைக் கொட்டியிருக்கிறாள். "எதுக்கு எடுத்தீங்க?" என்று கேட்கவில்லை. தோசை வார்த்தாள். அன்றைக்கு என்ன சட்னி என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் முகம் ஞாபகம் இல்லை. பார்த்திருக்கமாட்டேன்.

டைமர் அடித்துவிட்டது. ரெஜினா வந்து பொதியை எடுத்து, தோளில் விரலால் அழுத்திப் பார்த்து, "நல்லா செவந்திருக்கு, இது நல்ல செவப்பு, பயப்படாதீங்க" என்றாள். "அக்கா, வாங்க, சாருக்குச் சட்டை போட்டு விடுங்க. கையை ரொம்பத் தூக்க வேணாம்." பாதங்கள் எழுந்து திரைக்கு உள்ளே வந்தன. நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். மங்கை வலது கையை முதலில் சட்டைக்குள் நுழைத்து, தோள் அலுங்காமல் சட்டையைப் பின்னால் சுற்றி இழுத்து, பொத்தான்களைப் போட்டாள். இரண்டாவது பொத்தானில் அவள் விரல் என் நெஞ்சில் பட்டது, உடனே எடுத்துக்கொண்டாள். "செருப்பைப் போடுறதுக்கு முன்னாடி உள்ள கல்லு கில்லு இருக்கான்னு பாக்கணும்க்கா, இனிமே சாருக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு ரெஜினா ஆட்டோக்காரரிடம் போய்விட்டாள். மங்கை குனிந்து, என் செருப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டு மெதுவாகத் தடவினாள். நிமிரும்போது, ஓரமாகத் தள்ளியிருந்த இரண்டு தொட்டிகளையும் பார்த்தாள். சூட்டுத் தொட்டியில் இன்னும் லேசாக ஆவி இருந்தது. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் பார்க்கிறேனா என்று பார்க்காமல், அதில் விரல்களை விட்டாள். எடுத்தாள். மறுபடி விட்டாள். விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என்னிடம் சொல்வதுபோல இல்லாமல், "இதுவா உங்களுக்கு ஜில்லுன்னு இருந்துச்சு" என்றாள். அவள் குரலில் வெற்றி இருக்கிறதா என்று தேடினேன், பதினோரு வருஷப் பழக்கம். இல்லை. பயம்தான் இருந்தது. என் காலை நினைத்துப் பயப்படுகிறாள். செருப்பு, தார் ரோடு, ஏழு விநாடி, இலை நுனி, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நீ சொன்னது உண்மைதானா என்று கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை. அவள் இன்னும் குத்துக்காலிட்டு, ஒரு கையை என் செருப்பின்மேல் வைத்தபடி, அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன்:

"மங்கை, நான் உன்னை நம்பலைங்கிறது உனக்கு எப்போ தெரிஞ்சுது?"